புளிப்பானையும் கிடாய்க் கூண்டும்

முன்னொரு காலத்தில் என்றுதான் இதையும் தொடங்க வேண்டும். எந்தக் காலம் என்று கேட்டால், ராஜாவின் சண்டைக்கிடாய் தும்மினால் அரண்மனை வைத்தியர் ஓடி வந்த காலம். அந்த நாட்டு ராஜாவிடம் யானைப்படை இருந்தது, குதிரைப்படை இருந்தது. ஆனால் அவருடைய உயிர் இருந்தது வச்சிரம் என்ற செம்மறிக் கிடாயின் கொம்பில். வரும் பௌர்ணமியன்று பக்கத்து நாட்டு ராஜா தன் கிடாயோடு வருகிறார். இரண்டும் மோதும். தோற்றவர் வென்றவரின் கிடாய்க்குத் தன் கையால் மாலை போட வேண்டும். அதை நினைத்தாலே நம் ராஜாவுக்குச் சோறு இறங்காது.

சண்டைக்கிடாய் வளர்ப்பதில் ஒரு முறை உண்டு. சண்டை நெருங்கிவிட்டால் அந்நியர் கண் கிடாயின் மேல் படக்கூடாது. கண்பட்டால் கொம்பு தளர்ந்துவிடும் என்பார்கள். அதனால் வெளியே கொண்டு போகும்போது மூங்கில் கூண்டுக்குள் விட்டு, மேலே துணி போர்த்தி, நாலு பேர் தூக்கிப் போவார்கள். வச்சிரத்தின் கூண்டு வச்சிரத்தின் அளவுக்கே முடைந்தது. உள்ளே போன கிடாய் திரும்ப முயன்றால் கொம்பு மூங்கிலில் சிக்கிக்கொள்ளும்; ஆகவே திரும்பவே இடமில்லாமல், கிடாயைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து அளந்து முடைந்திருந்தார்கள். இந்தக் கூண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதற்குள்தான் இருக்கிறது.

அன்று காலை வச்சிரத்துக்குக் குளத்தில் நீச்சல் பழக்கிய பிறகு, கூண்டுக் கதவின் குச்சியைச் செருக அதன் மேய்ப்பன் மறந்துவிட்டான். அவன் முகம் கழுவிவிட்டுத் திரும்பினான். துணி இருந்தது, கூண்டு இருந்தது, கிடாய் இல்லை.

ராஜா சபைக்கு வந்தபோது காலிக் கூண்டும் கூடவே வந்தது. அதைச் சிம்மாசனத்தின் பக்கத்தில் வைக்கச் சொல்லி, அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்தார்.

"கச்சிராயரே."

கோட்டைக் காவல் தலைவர் கச்சிராயர் முன்னால் வந்தார். அவருக்கு முன்னால் அவர் மீசை வந்தது.

"வாசல்களை அடைத்தாகிவிட்டது. வச்சிரம் கோட்டைக்குள்தான் இருக்க வேண்டும். ஓர் இடம் விடாமல் தேடும்."

"உத்தரவு, மகாராஜா. எதுவரை தேடலாம்?"

"கிடைக்கும் வரை."

"எதையெல்லாம் திறக்கலாம்?"

"எதையும். இப்போது என்னிடம் கேள்வி கேட்காதீர். ஒன்று மட்டும் சொல்கிறேன். கிடாய் இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் நீர் திறந்து பார்க்கக் கூடாது. மூடியது மூடியபடி எனக்குக் காட்ட வேண்டும். முதலில் படும் கண் என் கண்ணாக இருக்கட்டும்."

சபையின் ஓரத்தில் நின்றிருந்தான் அரண்மனை விகடன் ஆவுடையான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை. 'எதையும்' என்ற அந்தச் சொல்தான் அவனை உறுத்தியது. தேடச் சொல்லும் உத்தரவுக்கு இரண்டு கரை வேண்டும். எதைத் தேடுவது என்பது ஒரு கரை. எங்கே தேடலாம் என்பது மறு கரை. ஒரு கரை மட்டும் உள்ள ஆற்றை யாரும் ஆறு என்று சொல்வதில்லை, வெள்ளம் என்பார்கள். ராஜா கொடுத்த உத்தரவுக்கு ஒரு கரைதான் இருந்தது.

போதாததற்குக் கச்சிராயர் சபையை விட்டுப் போகும்போது ஆவுடையானைப் பார்த்து மீசையைத் தடவினார். அதற்குக் காரணம் உண்டு. போன மாதம் ஆவுடையான் சபையில், "கச்சிராயரின் மீசை முதலில் வந்து ஆசனத்தில் உட்கார்ந்துவிடுகிறது, பாவம், அவர் வந்து நிற்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லிவிட்டான். ராஜா அன்று முழுவதும் சிரித்தார். கச்சிராயர் அதை மறக்கவில்லை.

வெள்ளம் தெருக்களில் இறங்கியது. முதலில் தொழுவங்களைப் பார்த்தார்கள். அதுவரை சரி. அடுத்து நெற்குதிர்களில் குத்துக்கோலை விட்டுக் கிண்டினார்கள். அதற்கடுத்துப் பெட்டிகள். மதியத்துக்குள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கடுகைக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் சுண்ணாம்பு டப்பியை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தான் ஒரு காவலாள். கல்யாணப் பெண் ஒருத்தியின் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். கொண்டைக்குள் கிடாயா என்று அவள் கேட்டதற்கு, "எதையும்னு ராஜா சொல்லியிருக்கார்" என்று பதில் வந்தது.

பருத்திக்கொட்டை விற்கும் பேச்சியாயி வீட்டில் மூட்டை மூட்டையாகப் பருத்திக்கொட்டை இருந்தது. இருக்கத்தானே செய்யும். "இது கிடாய் தின்கிற பண்டம். இவ்வளவு எதுக்கு? எந்தக் கிடாய்க்குப் போடறே?" என்று கேட்டு, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் காவல் சாவடிக்குக் கொண்டு போனார்கள். தறிக்காரர் அய்யாவு வீட்டில் பரணில் இருந்த கூடைக்கு அடியில் சிவப்புப் பட்டு ஒரு துண்டு கிடைத்தது. அந்தச் சிவப்பு அரண்மனைக்கு மட்டும் உரியது. தறியில் மிஞ்சியதை மகளுக்கு ரவிக்கைக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருந்தார். தேடப் போனது கிடாயை. சிறைக்குப் போனது அய்யாவு.

அதன் பிறகு ஊர் பேச்சை நிறுத்திக்கொண்டது. எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கும் அல்லவா? கிடாயை ஒளித்தவர் யாரும் இல்லை. ஆனாலும் எல்லோரும் பயந்தார்கள்.

ஆவுடையானுக்கு இருந்த பயம் மற்றவர்களுடையதைவிடப் பெரியது. அதைப் புரிந்துகொள்ள அவன் தொழில் நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும்.

விகடம் அவன் வாயில் தானாக ஊறுவதாக எல்லோரும் நினைத்தார்கள். அப்படியில்லை. ராஜாவின் சிரிப்புக்கும் கோபத்துக்கும் நடுவே ஒரு சொல்தான் தூரம். அந்தச் சொல் பிசகினால் தலை இருக்காது. அதனால் எந்த விகடத்தையும் வீட்டில் ஒத்திகை பார்க்காமல் அவன் சபைக்குக் கொண்டு போவதில்லை. ஒத்திகைக்கு ராஜா வேண்டுமே. களிமண்ணில் செய்து அடுப்பில் சுட்டுக்கொண்டான். கைப்பிடிக்குள் அடங்கும் ராஜாக்கள். பசித்த ராஜா, தூங்கி எழுந்த ராஜா, சந்தேகப்படும் ராஜா, கோப ராஜா, சிரிக்கும் ராஜா. அன்றைய நிலவரத்துக்கு ஏற்ற ராஜாவை முக்காலியில் வைத்து, எதிரே கைகட்டி நின்று பேசுவான். அவன் மனைவி பொன்னாச்சி பின்னால் உட்கார்ந்து ராஜாவின் குரலில் பதில் சொல்வாள். அவள் சிரித்தால் விகடம் சபைக்குப் போகும். புருவத்தைத் தூக்கினால் மறுபடி முதலிலிருந்து.

இதில் என்ன குற்றம் என்கிறீர்களா? தலைப்பாகையில்தான் குற்றம். ராஜாவின் தலைப்பாகை உச்சியில் ஒரு கொக்கிறகு உண்டு. மண் பொம்மையில் இறகு நிற்கவில்லை. ஆவுடையான் ஒரு கருவேல முள்ளைச் செருகிப் பார்த்தான். அழகாக நின்றது. ஐந்து ராஜாக்களின் தலையிலும் செருகினான்.

இப்போது அதைக் கச்சிராயரின் கண்ணால் பாருங்கள். ராஜாவின் முகத்தோடு மண் பொம்மை. உச்சந்தலையில் முள். சூனியம் வைப்பவர்கள் செய்வது இதைத்தான். அந்த நாட்டில் அதற்குத் தண்டனை யானையின் கால்.

"ஏங்க, அந்த ராஜாக்களை என்ன பண்றது?" என்று பொன்னாச்சி கேட்டாள்.

"அரண்மனை ஆள் வீட்டுக்கு வரமாட்டாங்க."

"அய்யாவு அண்ணன்கூட அரண்மனைக்குத்தான் நெய்யறாரு."

ஆவுடையான் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான்.

"உடைச்சிடலாம்" என்றாள்.

"தெரு ரெண்டு பக்கமும் காவல் நிக்குது. உரல்ல போட்டு இடிச்சா சத்தம் கேக்கும். ஒரு மூக்கு முழுசாக் கிடைச்சாப் போதும், பொன்னாச்சி."

"மூக்கை எதுக்கு அவ்வளவு அச்சாச் செஞ்சீங்க?"

முள்ளைப் பிடுங்கக்கூட இருவருக்கும் தோன்றவில்லை. பயம் வந்துவிட்டால் எளிய வேலைகள்தான் முதலில் மறந்து போகும். அடுக்களையில் இருந்த பெரிய புளிப்பானைக்குள் ராஜாக்களை அழுத்தி, மேலே புளியைப் பரப்பி, வாயைத் துணியால் கட்டினார்கள்.

மறுநாள் காலையில் கச்சிராயரே நேரில் வந்தார்.

"விகடரே, உமது வீட்டிலும் ராஜாவுக்கு ஒரு வேடிக்கை இருக்கும் என்று நினைக்கிறேன்."

"வாங்க ஐயா. கிடாயைத்தானே தேடறீங்க? தாராளமாப் பாருங்க."

கட்டிலைப் புரட்டினார்கள். பரணில் ஏறினார்கள். பின்கட்டில் வைக்கோலைக் கலைத்தார்கள். ஆவுடையான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றான். வாய் சிரித்தது. கண் அடுக்களைப் பக்கம் போகாமல் பிடித்து வைத்திருந்தான். கடைசியில் கச்சிராயர் அடுக்களைக்குள் நுழைந்து, வரிசையாக இருந்த பானைகளைக் கோலால் தட்டிக்கொண்டே வந்தார். அரிசிப்பானையைத் திறந்தார். பருப்புப்பானையைத் திறந்தார். புளிப்பானையில் கட்டியிருந்த துணியின் முடிச்சில் கை வைத்தார்.

பொன்னாச்சி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்த நேரத்தில்தான், கிடாய்ச் சண்டைக்காரர்களின் அந்தப் பழைய முறை ஆவுடையானின் ஞாபகத்துக்கு வந்தது.

"ராயரே, கொஞ்சம் பொறுங்க. இந்தப் பானைக்குள்ள கிடாய் இருக்கலாம்னு நினைக்கிறீங்களா, இருக்காதுன்னு நினைக்கிறீங்களா?"

"என்ன கேள்வி இது?"

"இருக்காதுன்னா திறக்க வேலையில்லை. ராஜா கிடாயைத் தேடத்தான் சொன்னார். புளியைத் தேடச் சொல்லலை."

கச்சிராயர் மீசையை முறுக்கினார். பின்னால் அவருடைய ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு விகடனுக்கு விட்டுக்கொடுப்பதா?

"இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் திறக்கிறேன்."

"அப்படின்னா கையை எடுங்க ஐயா. கிடாய் இருக்கிற இடம் தெரிஞ்சா மூடினது மூடினபடி ராஜாவுக்குக் காட்டணும்னு உத்தரவு. ராஜா கண்ணுக்கு முன்னால உங்க கண்ணு பட்டு, பௌர்ணமி அன்னிக்கு வச்சிரம் தோத்துப் போனா யார் பொறுப்பு?"

ஒரு காவலாள் தன் கண்களைக் கையால் மூடிக்கொண்டான். இன்னொருவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான்.

கச்சிராயரின் விரல் முடிச்சிலிருந்து விலகியது. அவர் முட்டாள் அல்ல. இந்த மனிதன் இதைத் திறக்க விடவில்லை என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அதை ராஜாவின் முன்னாலேயே திறந்தால் இன்னும் நல்லதுதான்.

"சரி. பானையைத் தூக்குங்கள். சபைக்குப் போகலாம்."

இதை ஆவுடையான் எதிர்பார்க்கவில்லை. முடிச்சை அவிழ்க்க விடாமல் தடுப்பதுவரைதான் அவன் யோசித்திருந்தான். இப்போது பானை தன் காலாலேயே ராஜாவிடம் நடந்து போகிறது. வாசலில் பொன்னாச்சி அவன் கையைத் தொட்டாள்.

வழியில் பானையைச் சுமந்தவன் கல் தடுக்கித் தடுமாறினான். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

"என்ன அது?" என்றார் கச்சிராயர்.

"கொம்பு இடிக்குது போலிருக்கு" என்றான் ஆவுடையான்.

சபையில் ராஜா அதே இடத்தில், கூண்டின்மேல் கையை வைத்தபடியே இருந்தார். கண்கள் சிவந்திருந்தன. பானையை அவர் முன்னால் இறக்கினார்கள்.

"மகாராஜா, வச்சிரம் இதற்குள் இருப்பதாக ஆவுடையான் சொல்கிறான்" என்றார் கச்சிராயர்.

ராஜா பானையைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். மறுபடியும் பானையைப் பார்த்தார். "ஆவுடையா, விகடத்துக்கு இது நேரமில்லை."

"அடியேன் விகடம் செய்யவில்லை, மகாராஜா. கச்சிராயர் இத்தனை வருஷம் காவல் காத்தவர். கிடாய் இருக்க முடியாத இடத்தில் அவர் கிடாயைத் தேடுவாரா? அவர் பானையில் கை வைத்தார். அவர் பார்வை தவறாது என்று நம்பினேன். அதனால் திறக்க விடாமல் தங்கள் முன்னால் கொண்டு வந்தேன்."

சபையில் யாரோ இருமினார்கள். அது இருமல்தான் என்று சொல்ல முடியாது.

"இப்படித்தான் தேடுகிறீரா, கச்சிராயரே?" ராஜாவின் குரல் தாழ்ந்திருந்தது. "புளிப்பானையிலா?"

"மகாராஜா எதையும் திறக்கலாம் என்றீர்கள். அதோடு இந்தப் பானைக்குள் ஏதோ இருக்கிறது. வழியில் சத்தம் கேட்டது. இப்போதே திறந்து பார்க்கலாம்."

"அதைச் சொல்லுங்கள் ராயரே" என்று ஆவுடையான் குறுக்கிட்டான். தாமதித்தால் ராஜாவின் கை முடிச்சுக்குப் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். "நீங்கள் இப்போது தேடுவது கிடாயா, இல்லை 'ஏதோ'வா? 'ஏதோ' எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. இரண்டு நாளாக ஊரெல்லாம் 'ஏதோ' கிடைத்துக்கொண்டே இருக்கிறது. பட்டுத் துண்டு கிடைத்தது, பருத்திக்கொட்டை கிடைத்தது. மகாராஜாவின் வச்சிரம் மட்டும் கிடைக்கவில்லை. கடுகு கொட்டிப் பார்க்கிற நேரத்தில் ஒரு கிடாய் எவ்வளவு தூரம் நடக்கும், மகாராஜா?"

இது ராஜாவைக் குத்தியது. கூண்டை இறுகப் பிடித்துக்கொண்டார். "வேறு எப்படித் தேடச் சொல்கிறாய்?"

"தங்கள் கைக்குக் கீழேயே இருக்கிறது. இந்தக் கூண்டு வச்சிரத்தை அளந்து முடைந்தது. இது நுழையாத இடத்தில் வச்சிரமும் நுழையாது. காவலாட்கள் இதைத் தூக்கிக்கொண்டு போகட்டும். கூண்டு போகும் இடத்தையெல்லாம் திறந்து பார்க்கட்டும். கூண்டு போகாத இடத்தைத் தொட வேண்டாம்."

"மகாராஜா," என்றார் கச்சிராயர் அவசரமாக, "திருடன் கிடாயை அறுத்துத் துண்டு துண்டாகப் பானைகளில் போட்டு மறைத்திருந்தால்?"

நியாயமான கேள்விதான். ஆவுடையான் பதில் தேடினான். ஆனால் பதில் வேறு இடத்திலிருந்து வந்தது.

"என் வச்சிரத்தைக் கறி என்கிறீரா?" ராஜா எழுந்து நின்றுவிட்டார். "நான் தேடச் சொன்னது உயிருள்ள கிடாயை. கறியைத் தேட உம்மை யார் அனுப்பியது?"

கச்சிராயரின் மீசை இறங்கியது.

ராஜா உட்கார்ந்து கூண்டைத் தடவினார். பிறகு சொன்னார்: "சரி. இன்று முதல் இதுவே என் சொல். கூண்டு போகும் இடத்துக்குத்தான் தேடலும் போகும். ஆனால் ஆவுடையா, விளக்கு வைப்பதற்குள் வச்சிரம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் உன் யோசனையும் பொய், நீயும் பொய். முதலில் இந்தப் பானையைத் திறப்பேன். நீயும் அவர்களோடு போ."

பானை சிம்மாசனத்தின் காலடியிலேயே இருந்தது. ஆவுடையான் அதைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

கூண்டு தெருவில் இறங்கியது. காரியம் எவ்வளவு விரைவாக நடந்தது என்பதைக் கவனியுங்கள். முந்தின நாள் ஒரு வீட்டுக்கு ஒரு நாழிகை ஆயிற்று. இப்போது வாசலில் கூண்டை வைத்துப் பார்த்தார்கள். குறுகிய வாசலில் கூண்டு முட்டியது, அடுத்த வீடு. அகலமான வாசலில் நுழைந்தது. கூடத்தைப் பார்த்தார்கள், பின்கட்டைப் பார்த்தார்கள், பெட்டிகளைத் தொடாமல் வெளியே வந்தார்கள். வண்டிக்கொட்டகைகள், வைக்கோற்போர்கள், கோயில் மண்டபம். எங்கும் வச்சிரம் இல்லை.

வெயில் சாய்ந்தது. தெருக்கள் தீர்ந்துகொண்டே வந்தன. கச்சிராயர் இப்போது அவசரப்படவில்லை. ஒவ்வொரு தெரு முடிவிலும் சூரியனைப் பார்த்தார், ஆவுடையானைப் பார்த்தார். ஆவுடையானுக்குத் தாகம். யாரிடமும் தண்ணீர் கேட்கத் தோன்றவில்லை.

பேச்சியாயி வீட்டு வாசலில் கூண்டு நுழைந்தது. பார்த்தார்கள், வெளியே வந்தார்கள். அவளுடைய அஞ்சறைப் பெட்டி அடுக்களையில் திறந்தே இருந்தது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. பேச்சியாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான் ஆயி" என்றான் ஆவுடையான்.

"பெட்டியெல்லாம் பாக்கலை?"

"கூண்டு போகாது."

அவள் முந்தானையைத் திருகினாள். "ஒண்ணு சொல்லுவேன். சொன்னதுக்கு மறுபடி வீட்டுக்குள்ள வரமாட்டீங்களே?"

"வந்தாலும் பெட்டியைத் தொட முடியாது. ராஜா சொல்லியிருக்கார்."

"நேத்து என் பருத்திக்கொட்டையை வண்டியிலே ஏத்திக்கிட்டுப் போனீங்களே, அப்ப குளத்தங்கரைப் புளியந்தோப்புக்குள்ள இருந்து ஒரு கிடாய் வந்துது. வண்டிக்குப் பின்னாலேயே போச்சு. ஒரு மூட்டையிலே ஓட்டை. கொட்டை சிந்திக்கிட்டே போச்சு, அது தின்னுக்கிட்டே போச்சு. உங்க ஆளுங்க முன்னால உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தாங்க."

கச்சிராயர் சீறினார். "இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க, சாமி? எப்படிப் பாத்தே, எங்க நின்னு பாத்தே, எதுக்குப் பாத்தே, வீட்டைத் திறன்னுவீங்க. அதான் வாயை மூடிக்கிட்டேன்."

ஆவுடையான் மேலே கேட்கவில்லை. அவன் ஏற்கெனவே காவல் சாவடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். கூண்டைத் தூக்கியவர்கள் பின்னால் ஓடினார்கள்.

சாவடிக்குப் பின்னால் ஒரு நீண்ட கொட்டகை. ஊரில் பறித்ததையெல்லாம் அங்கேதான் குவித்திருந்தார்கள். தேடிப் பறித்ததைக் கொண்டு வந்து போட இரண்டு நாளும் அதன் கதவு திறந்தே கிடந்தது. பருத்திக்கொட்டை மூட்டைகளை உள்மூலையில் அடுக்கியதோடு சரி, பிறகு வந்தவர்கள் எல்லோரும் கதவோரத்திலேயே எறிந்துவிட்டுத் திரும்பினார்கள். ஊரில் தேடாத ஒரே இடம் அதுதான். கதவில் கூண்டை வைத்தார்கள். தாராளமாக நுழைந்தது. குவிந்திருந்த பெட்டிகளுக்கு அப்பால், உள்மூலையிலிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது. அரைக்கிற சத்தம்.

"எல்லோரும் திரும்பி நில்லுங்கள். கண்ணை மூடுங்கள்" என்றான் ஆவுடையான். "ராஜாவைக் கூப்பிடுங்கள்."

ராஜா ஓடி வந்தார். பல்லக்குக்குக் காத்திருக்கவில்லை. பெட்டிகளின் மேல் ஏறி எட்டிப் பார்த்தார். கிழிந்த பருத்திக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே வச்சிரம் படுத்திருந்தது. ராஜாவைப் பார்த்துவிட்டு மறுபடியும் மென்றது.

கூண்டுக்குள் விட்டார்கள். தலை போனது, கழுத்து போனது, வயிறு போகவில்லை. இரண்டு நாள் தின்றதில் வச்சிரம் தன் கூண்டுக்கே அடங்காமல் போயிருந்தது. மேய்ப்பன் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தான். கிடாய் ஒரு ஏப்பம் விட்டது.

ராஜா முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு முடியவில்லை. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சிரிப்பாக வெடித்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் சபை கூடியது. ராஜா மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். காலடியில் பானை.

"ஆவுடையா, என்ன வேண்டும், கேள்."

"கிடாயைத் தேடிப் போனபோது கிடைத்த, கிடாய் அல்லாத பொருள்களெல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், மகாராஜா. அவற்றால் சிறைப்பட்டவர்களும். தறிக்காரர் அய்யாவுவின் பட்டுத் துண்டுக்குள் கிடாய் இல்லை."

"கொடுத்தேன். கச்சிராயரே, ஒவ்வொரு வீட்டுக்கும் நீரே கொண்டு போய்க் கொடும். வாசலில் நின்று கொடும்."

கச்சிராயர் தலை குனிந்தார். ஆனால் போகும் முன் ஒரு வார்த்தை சொன்னார். தோற்றவர்கள் கடைசியாகச் சொல்லும் வார்த்தைதான் கூர்மையானது. "பானை மட்டும் இன்னும் மூடியே இருக்கிறது, மகாராஜா."

ராஜா குனிந்து பார்த்தார். அவருக்கு ஆவல் வந்துவிட்டது. "ஆமாம். அப்படி என்னதான் இருக்கிறது இதில்? திற, பார்ப்போம்."

முள் குத்திய ஐந்து தலைகள் ஆவுடையானின் கண் முன்னால் வந்தன.

"கிடாய் கிடைத்துவிட்டது, மகாராஜா. இப்போது எதைத் தேடுகிறீர்கள்?"

"எதையும் தேடவில்லை. பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நான் ராஜா."

"ஆமாம், மகாராஜா. தாங்கள் ராஜா. காலையில் இதே இடத்தில், கூண்டு போகும் இடத்துக்குத்தான் தேடல் போகும் என்று சொன்னவரும் ராஜாதான். இருவரில் யார் சொல்வதை நான் கேட்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள். திறக்கிறேன்."

ராஜா கூண்டைக் கொண்டுவரச் சொன்னார். தானே தூக்கிப் பானையின் வாயில் வைத்தார். கூண்டு பானையை முழுசாக மறைத்துக்கொண்டு மேலே நின்றது. வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஒரு ராஜா தன் சொல்லைத் தானே அளந்து பார்ப்பதைச் சபை அதுவரை கண்டதில்லை.

"போகவில்லை" என்றார் கடைசியில்.

"போகாது, மகாராஜா."

"புளி மட்டும்தானா உள்ளே?"

"கிடாய் இல்லை, மகாராஜா. அதற்கு மேல் கேட்க இன்றைய உத்தரவில் இடமில்லை."

ராஜா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு, தோள் குலுங்க, மூச்சு முட்டச் சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "எடுத்துக்கொண்டு ஓடு. நான் மறுபடி ராஜாவாவதற்குள் ஓடு."

பானையை அவன் தானே சுமந்து போனான். யாரையும் தொட விடவில்லை.

வீட்டில் பொன்னாச்சி அடுப்பைக்கூட மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முதலில் தலையைப் பார்த்தாள், அது இருந்தது. முத்துமாலையை அப்புறம்தான் பார்த்தாள். பானைக்குள் கையை விட்டு ராஜாக்களை ஒவ்வொருவராக எடுத்தாள், புளியைக் கழுவினாள், தலையிலிருந்த முட்களைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

"இனிமே கொக்கிறகுதான். நிக்கலைன்னா மொட்டைத் தலைப்பாகை."

"சரி."

ஆவுடையான் சிரிக்கும் ராஜாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தப்பாச் செஞ்சிருக்கேன் பொன்னாச்சி. ராஜா நிஜமாச் சிரிச்சாக் கண்ணை மூடிக்கிறார். இதுல திறந்திருக்கு."

அவள் முக்காலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள். ராஜாவின் குரல் வந்தது.

"ஆவுடையா, அந்தப் பானையில் என்ன இருக்கிறது?"

அவன் கையிலிருந்த ராஜா நழுவப் பார்த்தார். பிடித்துக்கொண்டான்.

"புளி, மகாராஜா."

பொன்னாச்சி புருவத்தைத் தூக்கினாள்.